பிளக் எல்லாம் செத்துப்போகிறது, லைட் மட்டும் எரிகிறது: கிரைண்டர்தான் காரணமா?

கொங்குப்பெண் (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் பொள்ளாச்சிப் பக்கம், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். மூன்று வாரமாக ஒரே தொல்லை. சாயங்காலம் ஆனால் டி.பி. பெட்டியில் (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) ஒரு சுவிட்ச் விழுந்துவிடுகிறது. அது விழுந்தால் வீட்டில் உள்ள பிளக் எல்லாம் செத்துவிடும். ஃபிரிட்ஜ், வைஃபை, கெட்டில், எதுவும் ஓடாது. லைட் மட்டும் எரியும், ஸ்டவ்வும் சூடாகும். சுவிட்சை மேலே தூக்கிவிட்டால் சில நேரம் நிற்கும், சில நேரம் கை எடுப்பதற்குள் மறுபடி விழும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கோயமுத்தூர் கிரைண்டர் ஒன்று இருக்கிறது. சமையலறையில் இடம் இல்லாததால் பின்வராந்தாவில் வைத்து, ஹாலில் உள்ள பிளக்கிலிருந்து நீள வயர் இழுத்து அரைக்கிறேன். ராத்திரி அரைக்கும்போதெல்லாம் விழுகிறது, அதனால் எல்லோரும் கிரைண்டரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். ஆனால் போன சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் அரைத்தேன், விழவே இல்லை. அதே நாள் ராத்திரி கிரைண்டரைத் தொடாமல் ஓவனைப் போட்டேன், விழுந்துவிட்டது. கெட்டில் போட்டாலும் விழுகிறது. மழை பெய்தால் பகலிலும் விழுகிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

வீட்டுக்காரர் ஒருவரை அனுப்பினார். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த எர்த் லீக்கேஜ் ரொம்ப சென்சிடிவ், இதைச் சுற்றி ஒரு வயர் போட்டு நேராகச் சேர்த்துவிடுகிறேன், இனிமேல் விழாது, 300 ரேண்ட்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். என் கணவருக்குத் துறைமுகத்தில் ராத்திரி ஷிஃப்ட், வீட்டில் நானும் மூன்று வயதுப் பையனும்தான். தினமும் இருட்டில் ஸ்டூல் போட்டு ஏறி அந்தச் சுவிட்சைத் தூக்க முடியவில்லை, அதனால் சரி என்று சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது. அதே நேரம் மனசுக்குள் ஏதோ உறுத்துகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜோபர்க் வாசி

வணக்கம் சகோதரி. எனக்குத் தெரிந்தவரை இது ஓவர்லோடு. சாயங்காலம்தானே எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுகிறோம்! எங்கள் வீட்டில் போன ஜூலையில் இதே கதைதான் நடந்தது. இங்கே ஜோகன்னஸ்பர்க் குளிர் உங்களுக்குத் தெரியாது, ஆயில் ஹீட்டர் இல்லாமல் குழந்தைகள் தூங்க முடியாது. ஹீட்டர் 2000 வாட், கெட்டில் 2000 வாட், அயர்ன் பாக்ஸ் 2000 வாட், மூன்றும் ஒரே லைனில். பிளக் லைன் பிரேக்கர் 20 ஆம்பியர், 230 வோல்ட்டோடு பெருக்கினால் 4600 வாட். நாங்கள் இழுத்தது 6000, அதாவது 26 ஆம்பியர். உடனே விழாது, சில நிமிடம் தாங்கிவிட்டு விழும், அதனால்தான் எதனால் விழுந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. கெட்டில் போட்டேன், விழவில்லை, கெட்டில் நல்லது என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் கெட்டில் கொதித்து முடிகிற வரைக்கும் பிரேக்கர் தாங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதைவிடப் பயங்கரம், ஹீட்டரை மல்டிபிளக்கில் சொருகியிருந்தேன். ஒரு நாள் பிளாஸ்டிக் கருகின வாடை, பார்த்தால் மல்டிபிளக் ஒரு பக்கம் உருகிப்போயிருந்தது. சுவரில் உள்ள வயருக்குத்தான் பிரேக்கர் காவல், அந்த மெல்லிய மல்டிபிளக்குக்கு இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. பிரேக்கர் விழவே இல்லை, உருகியது மட்டும்தான். ஹீட்டர், கெட்டில், அயர்ன் மூன்றையும் நேராகச் சுவரில் மட்டும் சொருகுங்கள்.

ஆகவே நீங்கள் ஒன்றொன்றாகப் போட்டுப் பாருங்கள், சரியாகிவிடும். பெரிய பிரேக்கர் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள், வயர் அதே வயர்தானே.

சாட்ஸ்வொர்த் அண்ணன்

தங்கச்சி, முதலில் ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆளுக்கு இன்றைக்கே போன் பண்ணி வரவேண்டாம் என்று சொல்லிவிடு. அதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படி.

நான் இந்த ஊரிலேயே பிறந்தவன், முப்பத்தொரு வருஷமாக எலக்ட்ரீஷியன் வேலை. தமிழ் எங்கள் ஆயா சொல்லிக்கொடுத்தது, கோயில் வகுப்பில் எழுதப் பழகினேன். சொல்கிற முறை உங்கள் ஊர் மாதிரி இல்லையென்றால் பொருள் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜோபர்க் தம்பி சொன்ன கணக்கு சரிதான், ஆனால் அது வேறு நோய். விழுவது எந்தச் சுவிட்ச் என்பதுதான் முதல் கேள்வி, பெரும்பாலான பேர் அதைப் பார்ப்பதே இல்லை. பெட்டியில் வரிசையாக நிற்கிற சின்னச் சுவிட்சுகள் பிரேக்கர்கள். ஒரு பிரேக்கர் விழுந்தால் ஒரு லைன் மட்டும்தான் போகும், சமையலறை போகும், படுக்கையறை இருக்கும். உங்கள் வீட்டில் எல்லா பிளக்கும் ஒன்றாகப் போகிறது, லைட்டும் ஸ்டவ்வும் நிற்கிறது. அப்படியென்றால் விழுவது எர்த் லீக்கேஜ். "டி" (டெஸ்ட்) என்ற எழுத்து போட்ட சின்னப் பொத்தான் ஒன்று அதில் இருக்கும், கொஞ்சம் அகலமாக இருக்கும். நம் நாட்டில் பிளக் லைன்கள் அதன் வழியாகத்தான் போகவேண்டும் என்பது விதி. லைட், ஸ்டவ், கீசர் மூன்றும் பல வீடுகளில் அதற்கு வெளியே இருக்கும். சில பழைய வீடுகளில் மெயினும் எர்த் லீக்கேஜும் ஒன்றாக இருக்கும், அங்கே விழுந்தால் வீடே இருட்டு.

பிரேக்கருக்கு ஒரு வயரில் எவ்வளவு ஓடுகிறது என்பது மட்டும்தான் தெரியும். அளவுக்கு மேல் கொஞ்சம் போனால் மெதுவாக விழும், ஷார்ட் ஆனால் உடனே விழும். எர்த் லீக்கேஜ் அப்படி இல்லை. அது போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கும். சிவப்பு வயரில் 8 ஆம்பியர் போனால் கறுப்பு வயரில் 8 ஆம்பியர் திரும்பி வரவேண்டும். வரவில்லை என்றால் மீதி வேறு வழியில் போயிருக்கிறது, ஒன்று எர்த் வயர் வழியாக, இல்லை ஒரு ஆள் உடம்பு வழியாக. 30 மில்லி ஆம்பியர் காணாமல் போனால் அது விழவேண்டும், நடைமுறையில் 15-க்கும் 30-க்கும் நடுவில் எங்கேயாவது விழும், கண் சிமிட்டுகிற நேரத்துக்குள்.

30 மில்லி ஆம்பியர் என்று ஏன் வைத்தார்கள்? அந்த அளவு கரண்ட் நெஞ்சு வழியாகப் போனால் மூச்சு விடுகிற தசை இறுகிப்போகும், அதற்கும் குறைவிலேயே பிடித்த கையை விட முடியாது. உன் பிளக் லைனில் உள்ள 20 ஆம்பியர் பிரேக்கர் என்பது 20,000 மில்லி ஆம்பியர். பிள்ளை ஒரு கம்பியை பிளக்கில் விட்டால் பிரேக்கருக்கு அது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரிதான், அசையவே அசையாது. காப்பாற்றுவது எர்த் லீக்கேஜ் மட்டும். அந்த ஆள் 300 ரேண்டுக்கு எடுத்துவிடுகிறேன் என்று சொன்னது அதைத்தான்.

இந்தக் கருவியின் கதையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் பெருமை. ஆழமான தங்கச் சுரங்கங்களில் ஈரமும் மின்சாரமும் சேர்ந்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆல்பர்ட்டனில் வேலை செய்த ஹென்றி ரூபின் என்ற இன்ஜினியர் 1955-ல் சுரங்கத்துக்கு ஒன்று செய்தார், அது 250 மில்லி ஆம்பியரில் விழும். பிறகு வீட்டுக்கு ஏற்ற மாதிரி இன்னும் நுட்பமானதைக் கொண்டுவந்தார். ரொம்ப சென்சிடிவ் என்று அந்த ஆள் குறை சொன்னதைத்தான் அவர் பாடுபட்டு உண்டாக்கினார்.

சரி, இப்போது கண்டுபிடிக்கிற வழி. பகல் வெளிச்சத்தில் செய், கையும் காலும் காய்ந்திருக்கட்டும், செருப்புப் போட்டுக்கொள். பெட்டியில் கருகின வாடையோ சூடோ உஸ் என்ற சத்தமோ இருந்தால் எதையும் தொடாதே, மெயினை மட்டும் இறக்கிவிட்டு ஆள் கூப்பிடு.

இல்லையென்றால் வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கு. சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்கவேண்டும். இதை நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன், தொண்ணூறு பேர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு எல்லாம் பார்த்தாயிற்று என்பார்கள். நம் சுவர் சுவிட்ச் சிவப்பை மட்டும்தான் வெட்டும், கறுப்பு வயர் அப்படியே சேர்ந்திருக்கும். பெட்டியில் உள்ள ஒற்றைப் பிரேக்கரும் அப்படித்தான். எங்கேயாவது கறுப்பு வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் எர்த் லீக்கேஜ் விழும். அது எப்போது விழும் என்றால், வேறு எங்கேயாவது பெரிய பாரம் ஓடும்போது. ஓவன் போட்டால் விழுகிறது என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வரியைப் படித்தவுடன் எனக்கு இதுதான் தோன்றியது. ஓவன் எர்த் லீக்கேஜுக்கு வெளியே இருக்கிறது, ஆனால் அது இழுக்கிற கரண்ட் திரும்பி வரும்போது வீட்டின் கறுப்பு வயரில் ஓரிரு வோல்ட் ஏறும். அந்த ஓரிரு வோல்ட் போதும், எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தின் வழியாகக் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்கு வழியும். குற்றம் ஓவனில் இல்லை, கிரைண்டரில் இருக்கிறதோ இல்லையோ இனித்தான் தெரியும்.

எல்லாவற்றையும் பிடுங்கியபின் எர்த் லீக்கேஜை முதலில் முழுக்கக் கீழே அழுத்து, அப்புறம் மேலே தூக்கு. நடுவில் நிற்கிற சுவிட்சை அப்படியே தூக்கினால் பிடிக்காது. நின்றால், ஓவனைப் போட்டுப் பார். அப்போதும் நின்றால் சுவருக்குள் வயர் நல்லது, வெளியே சொருகுகிற ஏதோ ஒன்றுதான். பிறகு ஒவ்வொன்றாகச் சொருகு, ஒவ்வொன்றுக்கும் ஓவனோ கெட்டிலோ ஓடட்டும். எதுவும் சொருகாமலேயே விழுந்தால் உன் வேலை அதோடு முடிந்தது, அது எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டிய காரியம்.

கட்டாயம் பார்க்கவேண்டியவை: வெளியே மழை படுகிற இடத்தில் உள்ள பிளக், கேட் மோட்டார், தோட்ட லைட். டர்பன் ஈரத்தில் எறும்பும் பல்லியும் கேட் மோட்டார் பெட்டிக்குள் குடித்தனம் வைக்கும். வாஷிங் மெஷின் ஹீட்டர், கெட்டில் அடிப்பாகம், பழைய அயர்ன் வயர். அப்புறம் அந்த நீள வயர், அதை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண்ணால் பார். வயரைத் தொட்டுப் பார்ப்பது பிடுங்கியபின் மட்டும்.

ஃபீனிக்ஸ் அக்கா

அண்ணன் சொன்னதைக் கேளும்மா. இதே வேலையை எங்கள் வீட்டில் யாரோ செய்து வைத்திருந்தார்கள், நாங்கள் வாங்குவதற்கு முன்னாலேயே.

நாங்கள் வீடு வாங்கியபோது மின் வயரிங் விதிப்படி இருக்கிறது என்கிற சான்றிதழ் கொடுத்தார்கள், சி.ஓ.சி. என்று எல்லோரும் சொல்கிற அந்தக் காகிதம். எல்லாம் சரி என்று எழுதியிருந்தது. நாங்களும் நம்பினோம். ஒரு வருஷம் கழித்து வாஷிங் மெஷினிலிருந்து ஈரத் துணியை எடுக்கும்போது கையில் சுள்ளென்று இழுத்தது. முதல் தடவை ஏதோ பிரமை என்று விட்டேன். இரண்டாவது தடவை என் மகள் கை வைத்தாள், கத்தினாள், கையை உதறி எடுத்துவிட்டாள், அம்மன் காப்பாற்றினாள் என்றுதான் சொல்லவேண்டும். கூப்பிட்ட எலக்ட்ரீஷியன் பெட்டியின் முகப்பைக் கழற்றிக் காட்டினார். எர்த் லீக்கேஜுக்குள் போகிற வயரும் வெளியே வருகிற வயரும் ஒரே இடத்தில் சேர்த்து முறுக்கியிருந்தது. முகப்பில் அழகாக ஒரு எர்த் லீக்கேஜ் நின்றது, அதன் வழியாக ஒரு சொட்டு கரண்ட் போகவில்லை. அந்தச் சுவரில் இருந்த பிளக்குக்கு எர்த் வயரும் விட்டுப்போயிருந்தது. இரண்டும் சேர்ந்தால் மெஷின் உடம்பே கரண்டாக நிற்கும், தொட்டவர்தான் எர்த்.

அன்றைக்கு அவர் சொன்னதை இன்றுவரை செய்கிறேன். மாதம் ஒருமுறை அந்த "டி" பொத்தானை அழுத்துவேன். எங்கள் வீட்டில் அமாவாசைக்கு விளக்கு ஏற்றுகிற வழக்கம் உண்டு, அதோடு சேர்த்து வைத்துக்கொண்டேன், மறக்காது. அழுத்தினால் உடனே விழவேண்டும், பிளக் எல்லாம் அணையவேண்டும். சுவிட்ச் விழுந்தும் பிளக்கில் கரண்ட் இருந்தால் யாரோ சுற்றி வயர் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விழவே இல்லை என்றால் சாதனம் கெட்டுவிட்டது.

நீங்கள் வாடகைக்கு இருப்பதால் பயப்படவேண்டாம். 2009-ல் வந்த மின் நிறுவல் விதிகள்படி வாடகைக்கு விடுகிறவருக்கும் இதில் பொறுப்பு உண்டு, செல்லுபடியாகிற சான்றிதழும் இருக்கவேண்டும். தொழிலாளர் துறையில் பதிவு செய்த ஆள்தான் அந்தச் சான்றிதழைக் கொடுக்க முடியும். வீட்டுக்காரரிடம் சண்டை போடச் சொல்லவில்லை, "சான்றிதழ் ஒரு பிரதி வேண்டும், வருகிறவர் பதிவு எண் என்ன" என்று வாட்ஸாப்பில் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பதும் அந்தக் காகிதத்தைத்தான்.

ஜோபர்க் வாசி

அண்ணா, நன்றி. எனக்கு இரண்டும் ஒன்று என்றே இத்தனை நாள் நினைப்பு. இன்று போய் "டி" பொத்தானை அழுத்தினேன், விழுந்தது, நிம்மதி. ஒரு சந்தேகம்: 2023-ல் லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்கிற மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது கரண்ட் திரும்பி வந்தவுடன் மெயின் பிரேக்கரே விழும். இப்போதும் ஏரியாவில் கரண்ட் போய் வந்தால் அப்படி ஆகிறது. அது எதனால்?

சாட்ஸ்வொர்த் அண்ணன்

தம்பி, கரண்ட் இரண்டு மூன்று மணி நேரம் போனால் கீசர் ஆறிவிடும், ஃபிரிட்ஜ், ஃப்ரீசர் எல்லாம் சூடேறிவிடும், குளிர்காலம் என்றால் ஹீட்டர்களும் போட்டபடியே இருக்கும். வந்தவுடன் எல்லாம் ஒரே நொடியில் இழுக்கும். மோட்டார்கள் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். கீசர் மட்டும் 3000 வாட், அதாவது 13 ஆம்பியர். பல வீடுகளில் மெயின் 60 ஆம்பியர்தான். அதனால் கரண்ட் போனவுடன் கீசர், ஸ்டவ், ஹீட்டர் சுவிட்சுகளை இறக்கிவிடுங்கள், வந்து பத்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். கரண்ட் வந்தபின் சில லைட் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்து, சில லைட் மங்கினால் மட்டும் காத்திருக்கவேண்டாம், உடனே மெயினை இறக்கிவிட்டு முனிசிபாலிட்டிக்குப் போன் போடுங்கள். தெருவில் கேபிள் திருடுகிறவர்கள் நியூட்ரலை (கரண்ட் திரும்பிப் போகிற வயரை) வெட்டிவிட்டால் அப்படி ஆகும், டிவியும் ஃபிரிட்ஜும் ஒரே நிமிடத்தில் புகையும்.

கீசர் பிரேக்கர் மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தால் அது வேறு. தண்ணீரைச் சூடாக்குகிற எலிமென்டின் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். அதை இறக்கியே வைத்துவிட்டு ஆள் கூப்பிடவேண்டும். ஒரு சுவிட்ச் இரண்டு தடவை விழுந்தால் மூன்றாவது தடவை தூக்காதே என்று என் வேலைப் பையன்களுக்குச் சொல்வேன்.

கொங்குப்பெண் (டர்பன்)

அண்ணா, அக்கா, தம்பி, எல்லோருக்கும் நன்றி. கண்டுபிடித்துவிட்டேன்! கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரருக்கும் அக்கா சொன்ன மாதிரி எழுதி அனுப்பினேன். நேற்று கணவருக்கு லீவு, பையனை மேல்வீட்டு ஆயாவிடம் விட்டுவிட்டு காலையில் ஆரம்பித்தோம். எல்லாவற்றையும் பிடுங்கினோம். எர்த் லீக்கேஜ் நின்றது. ஓவன் போட்டோம், நின்றது. ஃபிரிட்ஜ், நின்றது. கெட்டில், நின்றது. வாஷிங் மெஷின், நின்றது. கிரைண்டரைச் சமையலறைக்குத் தூக்கி வந்து அடாப்டர் போட்டு நேராகச் சுவரில் சொருகினோம், அரை மணி நேரம் ஓடியது, அசையவில்லை. நீள வயரைச் சொருகினோம், அதுவும் நின்றது. ஒன்றும் புரியாமல் உட்கார்ந்துவிட்டோம். பிறகு நான்தான் நினைத்தேன், மழை இல்லாத பகலில் எப்போதுமே விழாதே, ராத்திரியும் மழையிலும் என்ன வித்தியாசம் என்று.

கதவு! ஹாலுக்கும் வராந்தாவுக்கும் நடுவில் இழுக்கிற கண்ணாடிக் கதவு. நீள வயர் அந்தக் கதவு ஓடுகிற இடத்தின் வழியாகத்தான் வெளியே போகிறது. பகலில் கதவு திறந்தே இருக்கும். சாயங்காலம் கொசுவுக்காக மூடுவேன். மழை வந்தால் மூடுவேன். ராத்திரி அரைக்கும்போது சத்தத்தில் பையன் எழுந்துவிடக் கூடாது என்று நன்றாக இழுத்து மூடுவேன். வயர் எப்போதும் ஹால் பிளக்கில் சொருகியே இருக்கும், சுவிட்ச் மட்டும் அணைத்திருப்பேன். நேற்று கதவை இழுத்து மூடிவிட்டு ஓவனைப் போட்டோம். டப். வயரைப் பிடுங்கிவிட்டுப் போட்டோம், நின்றது. மூன்று தடவை செய்து பார்த்தோம், மூன்று தடவையும் அதே.

பிடுங்கி எடுத்துப் பார்த்தால், கதவு அழுத்துகிற இடத்தில் வெளித் தோல் நசுங்கி, விரலால் மடக்கினால் உள்ளே பச்சையும் நீலமும் தெரிகிறது. பழுப்பு வயரின் தோலும் மெலிந்து ஒரு முடி அளவு பாக்கி இருக்கிறது. பையன் அந்தக் கதவுப் பக்கத்தில்தான் கார் வைத்து விளையாடுவான், ஈரக் காலோடு வராந்தாவிலிருந்து ஓடி வருவான். அந்த ஆள் வந்து எர்த் லீக்கேஜை எடுத்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், வயர் அங்கேயே கிடந்திருக்கும்.

இப்போது இரண்டு கேள்வி. அந்த வயரில் நசுங்கின இடத்தை வெட்டி டேப் சுற்றி வைத்துக்கொள்ளலாமா, 20 மீட்டர் வயர், எறிய மனசு வரவில்லை. இன்னொன்று, கிரைண்டருக்கு ஊர் பிளக்தான் இருக்கிறது, சின்ன மூன்று முள். அடாப்டர் ஆட்டம் காண்கிறது, கொஞ்சம் சூடும் ஆகிறது. என்ன செய்யலாம்?

சாட்ஸ்வொர்த் அண்ணன்

தங்கச்சி, படித்துவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். நான் நேரில் வந்திருந்தாலும் பகலில் வந்து, கதவு திறந்திருக்க, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். கதவை நினைத்துப் பார்த்தது நீ.

இந்த மாதிரி வயரில் பச்சைதான் எர்த், பழுப்பு நான் சொன்ன சிவப்பு, நீலம் நான் சொன்ன கறுப்பு. பச்சையும் நீலமும் தொட்டதால்தான் பிரேக்கர் விழாமல் எர்த் லீக்கேஜ் மட்டும் விழுந்தது, அது முழுக்கப் பொருந்துகிறது. கதவை மூடி அரைத்தபோது கிரைண்டர் கரண்டில் ஒரு பங்கு நீலத்தில் திரும்பாமல் பச்சையில் இறங்கிவிட்டது. அடுத்து பழுப்பு வெளியே வந்திருக்கும், கதவின் அலுமினியச் சட்டத்தைத் தொட்டிருக்கும்.

டேப் வேண்டாம். டேப் ஈரத்தில் விட்டுப்போகும், அதுவும் தரையில் கிடக்கிற வயரில் ஒரு மாதம் தாங்காது. நசுங்கின இடத்தில் முழுதாக வெட்டி, நல்லதாக இருக்கிற நீளமான பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, வெட்டின முனையில் பிளக் போயிருந்தால் புது பிளக், சாக்கெட் போயிருந்தால் புது சாக்கெட் மாட்டலாம், இரண்டு முனையிலும் பிளக் மட்டும் வரவே கூடாது. மிச்சத்தை, யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி துண்டு துண்டாக வெட்டிப் போடு. வயரைக் கதவுக்கோ ஜன்னலுக்கோ கம்பளத்துக்கோ அடியில் விடவே கூடாது. வராந்தாவில் அரைப்பதுதான் வசதி என்றால் அங்கே மழை படாத மூடி வைத்த பிளக் ஒன்று போட்டுத்தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேள், பதிவு செய்த ஆளுக்கு அது பெரிய வேலை இல்லை, முடித்துவிட்டுச் சான்றிதழும் கொடுப்பார்.

கிரைண்டருக்கு அடாப்டரை விட்டுவிடு. ஊர் பிளக்கை வெட்டிவிட்டு இங்கே கடையில் கிடைக்கிற பெரிய மூன்று முள் 16 ஆம்பியர் பிளக் மாட்டிக்கொள், உங்கள் ஊரில் ஏ.சி.க்குப் போடுகிற பெரிய பிளக் மாதிரியேதான் இருக்கும், வோல்ட்டும் ஒன்றுதான், கிரைண்டருக்கு ஒன்றும் ஆகாது. வயரில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் இருக்கலாம். பழைய கிரைண்டர் என்றால் சிவப்பு, கறுப்பு, பச்சை இருக்கும். பச்சை எதுவானாலும் மேலே உள்ள பெரிய முள்ளுக்குப் போகும், பழுப்பு அல்லது சிவப்பு "எல்" என்று போட்ட இடத்துக்கு, மற்றது "என்" என்ற இடத்துக்கு. பச்சை வயரை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டு மாட்டு, யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் அதுதான் கடைசியாகக் கழலவேண்டும். திருகை நன்றாக இறுக்கு, வெளித்தோல் பிளக்கின் பிடிக்குள் அடங்கியிருக்கவேண்டும். கை பழகவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை சிவன் கோயில் பக்கம் வருகிறேன், பிளக்கை வாங்கி வைத்திரு, ஐந்து நிமிட வேலை, காசு வேண்டாம்.

கொங்குப்பெண் (டர்பன்)

பிளக் வாங்கிவிட்டேன் அண்ணா. வாருங்கள், அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இட்லிக்கு அரைத்து வைக்கிறேன். வீட்டுக்காரரிடமிருந்து இப்போதுதான் பதில் வந்தது, பதிவு செய்த எலக்ட்ரீஷியன் புதன்கிழமை வருகிறாராம், பதிவு எண்ணும் அனுப்பியிருக்கிறார்.